சிட்டிகை உலோகத்தில் ஓடும் உயிர்

இரும்பும் துத்தநாகமும் குறைந்தால் உடல் தேய்கிறது. ஈயமும் பாதரசமும் நுழைந்தால் உடல் கெடுகிறது. அறிவியல் இதைக் கண்டு சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த அறிவு நம் வீட்டு அடுக்களைக்கும் நம் ஊர் மருத்துவமனைக்கும் முழுதாக வந்து சேர்ந்துவிட்டதா?

1958ஆம் ஆண்டு. ஈரானின் ஷிராஸ் நகர மருத்துவமனைக்கு ஒரு நோயாளி வந்தார். வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையன். மீசை அரும்பவில்லை, பருவமடைந்ததற்கான எந்த அடையாளமும் இல்லை. உடல் வெளுத்துக் கிடந்தது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. மூன்று வேளையும் கோதுமை ரொட்டிதான் சாப்பாடு. இறைச்சி கண்ணில் படுவதே அபூர்வம். கூடவே மண் தின்னும் பழக்கமும் இருந்தது.

அவரைப் பரிசோதித்தவர் ஆனந்த பிரசாத். பீகாரின் பக்ஸரில் பிறந்து, பாட்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற இளம் மருத்துவர். இரத்தசோகை என்பது அவருக்கு உடனே பிடிபட்டது. இரும்புச்சத்து கொடுத்தால் அது தீரும். ஆனால், இரும்புக் குறைவு ஒருவரின் வளர்ச்சியையே இப்படி நிறுத்திவிடுமா? அதே தோற்றத்தில் அடுத்தடுத்துப் பலர் வந்தபோது அவருடைய கேள்வி வலுத்தது. துத்தநாகம் இல்லாத தீவனம் கொடுத்தால் எலிகள் வளராமல் நின்றுவிடுகின்றன என்று அதற்கு முன்பே ஆய்வுகள் சொல்லியிருந்தன. இங்கேயும் துத்தநாகம்தான் குறைகிறதோ என்று பிரசாத் சந்தேகப்பட்டார்.

மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரவே வராது என்று மருத்துவ உலகம் அப்போது நம்பிக்கொண்டிருந்தது. பிரசாத் எகிப்துக்குப் போனார். அங்கும் அதே குள்ள உருவில் இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் துத்தநாகம் குறைந்திருப்பதை 1963இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதி வெளியிட்டார்கள். துத்தநாகம் கொடுத்தபோது, வளர்ச்சி நின்றுபோனவர்கள் மீண்டும் வளர்ந்தார்கள், பருவமும் எய்தினார்கள். ரொட்டியில் துத்தநாகம் இருந்தது. ஆனால், தானியத்தின் தவிட்டுப்பகுதியில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்திருந்தது. உடலுக்கு இன்றியமையாத சத்துகளின் பட்டியலில் துத்தநாகத்துக்கு அமெரிக்கா தினசரி அளவு வகுத்தது 1974இல்தான்.

உயிருக்குள் உலோகங்கள் செய்யும் வேலையை ஆராய உயிர்க்கனிம வேதியியல் என்று இன்று ஒரு துறையே இருக்கிறது. அந்தத் துறை நமக்குச் சொல்லும் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடலைப் பொறுத்தவரை எந்த உலோகத்தையும் நல்லது, கெட்டது என்று பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. எவ்வளவு இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, எதன் பிடியில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

குழாய்த் தண்ணீர் காட்டிய வழி

1880களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்து அதன் துடிப்பைக் கவனித்து வந்தார். சோடியம் குளோரைடு மட்டும் கலந்த கரைசலிலேயே இதயம் நன்றாகத் துடித்தது. 1882இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். கரைசலை வடிநீரில் கலக்காமல் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வடிநீரில் கலந்து ஊற்றிப் பார்த்தார். துடிப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. அதுவரை இதயத்தை இயக்கி வந்தது குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம். அடுத்த ஆண்டே ரிங்கர் அதை விளக்கி எழுதினார். இன்று நோயாளியின் கையில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் பாட்டில் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் அதில் உண்டு.

இதயம் மட்டுமா? நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போவதும் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் நடமாட்டத்தால்தான். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்புகளை ஆராய்ந்து, செல்லின் சவ்வில் ஒரு புரதம் பம்பு போல் வேலை செய்வதை 1957இல் கண்டறிந்தார். மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுப்பதே அதன் வேலை. சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புகளுக்கே போகிறது. 1997இல் ஸ்கோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரும்பு: அள்ளி எடுக்காத உடல்

1740களில் இத்தாலியின் பொலோனியா நகரில் வின்சென்சோ மெங்கினி என்ற மருத்துவர், இரத்தத்தை எரித்துக் கிடைத்த சாம்பலின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனார். துகள்கள் காந்தத்தில் வந்து ஒட்டின. இரத்தத்தில் இரும்பு இருப்பது கண்முன்னே உறுதியானது.

அந்த இரும்பு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெருட்ஸ் 1937இல் ஹீமோகுளோபின் படிகங்களின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தத் தொடங்கினார். அதன் வடிவம் தெளிவாகத் தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1962இல் ஜான் கெண்ட்ரூவுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஹீம் என்ற தட்டையான வளையத்தின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிஜன் வந்து சேர்ந்ததும் இரும்பு அணு வளையத்தின் தளத்துக்குள் இம்மியளவு நகர்கிறது. அந்த நகர்வில் புரதம் முழுவதும் அசைந்து கொடுக்கிறது. மற்ற இரும்பு அணுக்கள் ஆக்சிஜனை இன்னும் எளிதாகப் பற்றிக்கொள்கின்றன. நுரையீரலில் இறுகப் பற்றி, தசையில் தாராளமாக விட்டுக்கொடுக்கும் திறமை அதற்கு இப்படித்தான் வருகிறது. ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரே ஒரு சிவப்பணு நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமந்து செல்ல முடியும்.

இத்தனைக்கும் வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு மூன்று அல்லது நான்கு கிராம்தான். உடல் அதைச் செலவழிக்கும் சிக்கனத்தைப் பாருங்கள். நொடிக்குச் சுமார் இருபது லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. அவற்றுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே. ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை உடைத்து, அவற்றிலிருந்து மீட்கும் பழைய இரும்பைக் கொண்டே மீதித் தேவை நிறைவேறுகிறது.

சாப்பாட்டில் இருக்கும் இரும்பை எல்லாம் உடல் ஏன் அள்ளி எடுத்துக்கொள்வதில்லை? மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. கட்டுப்பாடு இல்லாமல் திரியும் இரும்பு, செல்லில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் துகள்களை உருவாக்கும். மரபணுவும் தப்பாது. நோய்க் கிருமிகளும் இரும்புக்காக ஏங்கிக் காத்திருப்பவை. அதனால் இரத்தத்தில் ஓடும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கைவிடாமல் பிடித்துச் செல்கிறது. சேமிப்பில் வைக்கும் இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதம் உருண்டையாகச் சூழ்ந்து பூட்டி வைக்கிறது. ஓர் உருண்டைக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். குடலிலிருந்து எவ்வளவு இரும்பை உள்ளே விடலாம் என்று தீர்மானிப்பது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது கண்டறியப்பட்டது. உடலில் தொற்று இருக்கும்போது ஹெப்சிடின் கூடி, கிருமிக்கு இரும்பு கிடைக்காதபடி கதவை அடைத்துவிடும். நாள்பட்ட நோய் உள்ளவர்களில் சிலருக்கு இரும்பு மாத்திரை போட்டும் இரத்தம் ஊறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோகைக்கு இரும்பு கொடுப்பது புதிய வழக்கம் அன்று. பாண்டு நோய்க்குச் சித்த மருத்துவர்கள் பயன்படுத்தி வந்த அன்னபேதி, வேதியியலில் ஃபெரஸ் சல்ஃபேட். பிரான்சில் பியர் பிளோ 1832இல் அறிமுகப்படுத்திய மாத்திரையும் ஃபெரஸ் சல்ஃபேட்டைக் கொண்டு செய்ததுதான். இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் அதே உப்புதான்.

கடலை வேரில் ஒரு சிவப்பு

வயலில் நிற்கும் நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு வேரைப் பாருங்கள். கடுகு அளவில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். அதுவும் இரும்பு தந்த நிறமே. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் அந்த முடிச்சுக்குள் இருக்கிறது. உள்ளே சிவப்பு இருந்தால் முடிச்சு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

அங்கே நடக்கும் வேலை சாதாரணமானதன்று. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிளந்து அம்மோனியாவாக மாற்ற உரத் தொழிற்சாலைக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேலான அழுத்தமும் தேவைப்படுகின்றன. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதே வேலையை மண்ணின் வெப்பத்திலேயே முடிக்கிறது. அதற்கு உதவுவது ஏழு இரும்பு அணுக்களும் ஒரு மாலிப்டினம் அணுவும் கந்தகத்துடன் சேர்ந்த ஒரு சிறு கொத்து. அந்தக் கொத்தை உடைய நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு அளவோடு விட்டு அதைக் காப்பாற்றுகிறது.

இலைக்குப் போனால் பச்சையத்தின் நடுவே ஒரு மெக்னீசியம் அணு. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அநேகமாக முழுவதும் இந்த ஐந்து அணுக்கள் கூடிய கொத்திலிருந்து வந்ததே. அதன் அமைப்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் மிகத் துல்லியமாகப் படமெடுத்துக் காட்டினார்கள்.

மண்ணில் உலோகம் குறைந்தால் பயிர் சொல்லிவிடும். இமயமலை அடிவாரத்தில் நெல் இலைகள் துருப் படிந்தாற்போலப் பழுத்துப் பயிர் குன்றியதைப் பார்த்து விவசாயிகள் நோய் என்றே நினைத்தார்கள். அது கிருமியால் வந்ததன்று, துத்தநாகக் குறைவு என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே 1966இல் கண்டறிந்தார். எகிப்தில் மனிதரிடம் பிரசாத் கண்ட அதே குறையை, மூன்றே ஆண்டுகளில் இன்னொரு இந்தியர் நெற்பயிரில் கண்டார். இன்று நெல்லுக்கு அடியுரத்தோடு ஜிங்க் சல்ஃபேட் போடச் சொல்வதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

கள்ளச்சாவியோடு வரும் ஈயம்

உடலுக்குத் தேவையான உலோகம் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் நஞ்சும் நுழைகிறது. ஈயத்தின் அயனியைக் கால்சியத்திலிருந்து உடலால் சரிவரப் பிரித்தறிய முடிவதில்லை. கள்ளச்சாவி போட்டவன் போல, கால்சியத்துக்கான கதவுகளைத் திறந்துகொண்டு அது குடலைக் கடக்கிறது. மூளைக்கும் போய்ச் சேர்கிறது. எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. ஹீம் தயாரிக்கும் ஒரு நொதியில் இருக்கும் துத்தநாகத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தானே அமர்ந்துகொள்கிறது. சோகை வருகிறது. குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சி குன்றுகிறது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000இல் நிறுத்தியது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்களிலும் பழைய சாயப்பூச்சுகளிலும் ஆபத்து இன்னும் இருக்கிறது.

பாதரசத்தின் வழி வேறு. புரதங்களில் உள்ள கந்தகத்தை அது இறுகப் பற்றிக்கொள்ளும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவோடு கலந்த மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்து, மீன் தின்ற மக்களின் நரம்புகளைக் குலைத்தது. அந்த நோய் 1956இல் வெளியே தெரிந்தது. நமக்கும் இது தூரத்துக் கதையன்று. கொடைக்கானலில் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடந்தது 2001இல் வெளிப்பட்டது. அந்தக் கண்ணாடி வெளியேறிய வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2016இல்தான் அதை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது.

ஒரே உலோகம் வடிவம் மாறினால் எப்படி மாறும் என்பதற்கு ராணிப்பேட்டையே சாட்சி. தோல் பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறக் குரோமியம் அவ்வளவாகச் செல்லுக்குள் நுழைவதில்லை. ஆறிணைதிறக் குரோமியம் எளிதில் செல்லுக்குள் புகுந்து மரபணுவைச் சிதைக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று அந்த ஊரில் விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது.

மருந்தாக வந்த உலோகம்

1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியா வளரும் கரைசலில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் நூல் போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் என்றே முதலில் தோன்றியது. தேடிப் பார்த்தபோது, மின்முனையின் பிளாட்டினம் சிறிது கரைந்து உருவான சேர்மமே செல் பிரிவதைத் தடுத்திருப்பது தெரிந்தது. செல் பிரிவதைத் தடுக்குமானால், அடங்காமல் பிரியும் புற்றுநோய்ச் செல்லையும் தடுக்கலாம் அல்லவா? சிஸ்பிளாட்டின் பிறந்தது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விரைப்புற்றுநோய் இன்று பெரும்பாலும் குணமாகிவிடும் நோயாக மாறியதற்கு அதுவே முக்கியக் காரணம்.

செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயின் கதை வேறு வகை. கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும் இந்தப் பரம்பரை நோயை 1912இல் கின்னியர் வில்சன் விவரித்தபோது மருந்தே இல்லை. செம்பைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் பெனிசிலமின் என்ற மருந்தை 1956இல் ஜான் வால்ஷ் கொண்டுவந்தார். இன்று துத்தநாக மாத்திரையும் இதற்கு மருந்து. குடல் செல்களில் ஒரு புரதத்தைக் கூட்டி, செம்பு உள்ளே போகாமல் அது தடுக்கிறது. நேரத்தில் கண்டுபிடித்தால் இந்த நோயாளிகள் நலமாக வாழலாம்.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் தெரிந்த பிறகும் நம் நிலை என்ன? 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழகத்தில் 53 சதவீதம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நாட்டளவில் 67 சதவீதம். தமிழகத்தில் 57 சதவீதம். மருத்துவமனைகளும் சத்துணவும் உள்ள மாநிலத்தில் இது வெட்கப்பட வேண்டிய எண். சோகைக்கு எல்லாம் இரும்புக் குறைவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பி12, ஃபோலிக் அமிலக் குறைவும், பரம்பரைக் கோளாறுகளும் உண்டு. ஆனாலும் இரும்புக் குறைவே முதன்மையானது.

ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். உடலின் மொத்த இருப்பில் அது கால் பங்குக்கும் மேல். மாதவிடாயில் இழந்து இழந்து சேமிப்புக் கரைந்த பெண், கர்ப்பமான பிறகு மாத்திரை போட்டு அதை ஈடுகட்டுவது மிகவும் சிரமம். பள்ளியில் வாரம் ஒரு முறை வளரிளம் பெண்களுக்குத் தரும் நீல நிற மாத்திரையின் அவசியம் இதுதான். அதை வாங்கிப் பையில் போட்டுவிட்டு வரும் மகளிடம் பேச வேண்டியது நம் பொறுப்பு. மாத்திரை போட்டால் வயிறு புரட்டலாம், மலம் கறுக்கலாம். அவை பயப்பட வேண்டியவை அல்ல என்று சொல்ல வேண்டும்.

சமையலறையில் செய்யக்கூடியவையும் உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு எளிதில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சேர்ந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு சேர்வது குறையும். கேழ்வரகையும் பயறையும் ஊறவைத்து முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறைந்து இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகக் கிடைக்கும். இட்லிக்கு அந்தப் பெருமை உண்டு. இறைச்சி, ஈரல், மீன் சாப்பிடுபவர்களுக்கு அவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேரும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், நம்பகமான இடத்தில் மட்டுமே வாங்குங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

அளவு மீறினால் இதே உலோகங்கள் நஞ்சு. இரும்பு மாத்திரைகளை மிட்டாய் என்று எண்ணி விழுங்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தாலசீமியா உள்ளவர்களுக்கு உடலில் இரும்பு ஏற்கெனவே கூடியிருக்கலாம். பரிசோதிக்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள். உலோகம் சேர்ந்த பற்பமும் செந்தூரமும் உரிமம் பெற்ற மருத்துவரிடம் மட்டுமே வாங்க வேண்டியவை.

ஷிராஸ் நோயாளியின் காலத்தில் காரணமே தெரியாது. இன்று காரணமும் தெரியும், மருந்தும் இலவசம். ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க ஒரு துளி இரத்தம் போதும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் அது பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறையக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு, மனைவிக்கு, மகளுக்கு அந்த எண் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் பரிசோதியுங்கள்.